அந்த வளைவு யார் போட்டது

ஸ்கேல் அக்காவுக்குப் பொறாமை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அந்த ஆளோடு பேச மாட்டாள். பொறாமைப்படுவது அற்பர்கள் செய்கிற வேலை என்பது அவள் கட்சி. தனக்குள் இருப்பதற்கு அவள் வைத்திருந்த பெயர் நியாய உணர்ச்சி. அந்த நியாய உணர்ச்சி ஏன் ஒரே ஒரு ஆளைப் பார்க்கும்போது மட்டும் வயிற்றில் அடுப்பு மூட்டுகிறது என்று அவள் புருஷன் ஒருமுறை கேட்டுவிட்டு, சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அவள் நகரமைப்பாளர். சாலை எங்கே போக வேண்டும், எந்தத் தெருவில் கடை வரலாம், எங்கே பூங்காவுக்கு இடம் விட வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுகிற உத்தியோகம். அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், எப்போதும் சரியாக மூடாத ஜன்னல் ஒன்றின் பக்கத்தில் அவள் மேஜை. எல்லோரும் கம்ப்யூட்டருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் கைப்பையில் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருப்பாள். யாராவது அனுமதிக்கு வரைபடம் கொண்டுவந்தால், அவர்கள் பேசி முடிக்கும் முன்பே அதை எடுத்து வைத்து அளந்து, "ஒரு அடி உள்ள தள்ளுங்க" என்பாள். கெஞ்சினாலும் சரி, பெரிய இடத்துப் பெயரைச் சொன்னாலும் சரி, அந்த ஒரு அடி ஒரு அடிதான். ஸ்கேல் என்ற பட்டம் அப்படி வந்தது. அது தன் காதுக்கு எட்டவில்லை என்பது போல் நடந்துகொள்வாள், ஆனால் உள்ளுக்குள் பெருமைதான்.

அவளுக்கு ஒரு வருஷம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன். சேர்ந்த புதிதில்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இஸ்திரி கலையாத சட்டையும், யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்புமாக அவன் அலுவலகத்துக்குள் நுழைகிற அழகைப் பார்த்து, அவள் வீட்டில் அவனுக்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தாள். பல வருஷம் கழித்தும் அவன் அப்படியேதான் நுழைகிறான், நேற்றுத்தான் மணவறையிலிருந்து எழுந்து வந்தவன் போல. முடி மட்டும் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. அதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சான்றுத் தேர்வு எழுதினார்கள். அதில் தேறினால்தான் சான்று பெற்ற நகரமைப்பாளர் என்று வட்டமாக ஒரு முத்திரை கொடுப்பார்கள். அந்த முத்திரை இல்லாதவன் எவ்வளவு பெரிய திட்டம் போட்டாலும் கையெழுத்துப் போட முடியாது. அவன் எழுதிய முதல் தடவையே தேறினான். அவள் தேறவில்லை. அடுத்த தடவை அவன் இனிப்போடு வந்து, "அக்கா, எந்தக் கேள்வி எப்படி வரும்னு நான் சொல்லித் தர்றேன்" என்றான். அந்த இனிப்பு இன்றைக்கும் அவள் தொண்டையில்தான் நிற்கிறது. சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுத்தான் தேறினாள் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அவன் துறைத் தலைவர் ஆனான். அந்த நாற்காலிக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். அதுவரை "தம்பி, நீ" என்று கூப்பிட்டவள், மறுநாளிலிருந்து எல்லோர் முன்னாலும் "நீங்க" என்றாள். அவன், "அக்கா, என்னை எதுக்கு நீங்க நாங்கன்னு? பழையபடியே கூப்பிடுங்க" என்றான். மரியாதையைக்கூட இவன் வேண்டாம் என்று சொல்லித்தான் நல்ல பெயர் வாங்குகிறான் என்று அவளுக்கு எரிந்தது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது அந்த வளைவு.

அவர்கள் இருவரும் இளநிலை அதிகாரிகளாக இருந்தபோது, ஊரின் பழைய பகுதி வழியாக ஒரு புதுச் சாலை போக வேண்டும் என்று திட்டம் வந்தது. அவன் நேராகக் கோடு போட்டான். நேர்க்கோடு என்றால் செலவு குறைவு, வண்டி வேகமாகப் போகும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அவள்தான் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். நேர்க்கோடு ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தின் மூலையை அறுத்துக்கொண்டு, பிள்ளைகள் வெளியே வருகிற கேட்டுக்கு முன்னால் போனது. வந்து உட்கார்ந்து கோட்டை வளைத்தாள். ஸ்கேல் அக்கா வாழ்க்கையிலேயே போட்ட ஒரே வளைந்த கோடு அதுதான், அதுதான் அவள் போட்டதிலேயே அழகானதும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடந்த சண்டையில் டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். கடைசியில் அவள் கோடுதான் போனது.

அந்தத் திட்டத்தைப் பெரியவர்கள் முன்னால் விளக்க வேண்டிய வாரத்தில் அவளுக்குப் பிரசவம். அவன் கையெழுத்துப் போட்டு, போய் விளக்கினான். அப்போதைய தலைமை அதிகாரி எழுந்து வந்து, "இந்த வளைவு இருக்கே, இதுதான்யா நகரமைப்பு" என்று அவன் தோளைத் தட்டினார். அவன் சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்போடு வளைவு அவனுடையதாகிவிட்டது. நகரமைப்பாளர் சங்கத்தில் விருது கொடுத்தார்கள். கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். மேடையில் "நாங்க" என்றுதான் பேசுவான். அந்த "நாங்க" என்ற சொல்லுக்குள் தன்னை ஒரு மூட்டை போலத் திணித்துக் கட்டிவிட்டான் என்று அவள் வீட்டில் பொரிந்து தள்ளுவாள்.

அவள் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிச் சட்டம் ஒன்றைத் துடைத்துக்கொண்டே, "அப்பவே நேராப் போய்க் கேட்டிருக்கலாமே" என்பார்.

"எப்படிக் கேக்கிறது? கையில பச்சப் பிள்ளை. இது என்னோட கோடு, குடுடான்னு கேக்கச் சொல்றீங்களா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பொறாமைன்னு நினைப்பாங்க."

அன்றைக்கும் அவர் தானே போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார்.

திட்டம் வழக்கம்போலக் கிடப்பில் கிடந்தது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, படிப்புக்கு வெளியூர் போன பிறகுதான் சாலை போட ஆள் வந்தது. சுவர்களில் சிவப்பு மையால் குறி போட்டார்கள். குறி விழுந்த கடைகளில் ஒன்று ஓர் அச்சகம். வளைவின் வெளிப்பக்கத்தில் இருந்ததால் அச்சக்காரருடைய கடையின் முன்பக்கம் முழுக்கப் போகிறது. நேராகப் போக வேண்டிய ரோடு ஏன் தன் கடைப் பக்கம் வளைகிறது என்று அவர் விசாரித்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய வீடு இருக்கிறது, சாலை நேராகப் போயிருந்தால் அதன் முன்பக்கம் போயிருக்கும், அது துறைத் தலைவரின் மாமியார் வீடு என்று தெரிந்துகொண்டார். அவ்வளவு போதாதா? நகரமைப்பாளர் சங்கத்தின் ஒழுங்குக் குழுவிடம் நேராகப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர் வீட்டைக் காப்பாற்றக் கோட்டை வளைத்தான் என்று நிரூபணமானால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். முத்திரை போனால் நாற்காலியும் போகும்.

அந்தக் குழுவில் நான்கு பேர். நேர்மைக்குப் பேர்போனவர் வேண்டும் என்று தேடிப் பிடித்துப் போட்ட நான்காவது ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்கேல் அக்காவேதான். அவன் கீழே வேலை பார்க்கிறவள்தான், ஆனால் அந்த ஸ்கேல் யாருக்கும் வளையாது என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புகாரை அவள் இரண்டு தடவை படித்தாள். அந்த வீடு அவன் மாமியாருடையது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்து வந்தது சிரிப்பு. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அவன் என்கிட்டேர்ந்து தட்டிட்டுப் போனான் பாருங்க, அதே வளைவு. அதுலயே மாட்டிக்கிட்டான். என்னோடதுதான்னு இத்தனை நாள் சொல்லிட்டுத் திரிஞ்சான்ல, இப்ப அனுபவிக்கட்டும்."

புருஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீ அந்தக் குழுவுல உக்காரப் போறியா?"

"ஏன் உக்காரக்கூடாது?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவர் சும்மா கேட்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்தத் தொழிலின் விதிகளில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு விஷயத்தில் உனக்குச் சொந்த நலன் இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குழு ஒவ்வொரு தடவை கூடும்போதும் தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்து "சொந்த நலன்?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் "இல்லை" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்வது போல அது பழகிப்போயிருந்தது, அதை வருகைப் பதிவு என்றே கேலியாகச் சொல்வார்கள்.

விசாரணை அன்று சங்கத்துக் கட்டடத்தின் சின்ன அறையில் கூடினார்கள். கதவு வீங்கிப் போயிருந்ததால் தள்ளிச் சாத்தினாலும் ஒரு விரற்கடை திறந்தே இருந்தது. தலைவர், பணி ஓய்வு பெற்ற நகரமைப்பாளர், சட்டையின் மேல் பித்தானைக்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். அடுத்து, தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம் நகரமைப்பாளர் பெண். கடைசியில் ஸ்கேல் அக்கா.

"சொந்த நலன்?"

"இல்லை," என்றார் பேராசிரியர்.

"இல்லை சார்," என்றாள் அந்தப் பெண்.

தலைவர் ஸ்கேல் அக்காவைப் பார்த்தார். வீடு இல்லை, நிலம் இல்லை, சொந்தக்காரர் இல்லை, சல்லிக்காசு லாபம் இல்லை. வயிற்றெரிச்சலை எந்த விதியில் நலன் என்று எழுதியிருக்கிறார்கள்? "இல்லை," என்றாள்.

அச்சக்காரர் முதலில் பேசினார். பருத்த, வியர்த்த மனிதர், விரல் நகத்துக்குள் மை. கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்கப்பா போட்ட கடைங்க. பெரிய மனுஷன் மாமியார் வீடு நிக்கணும்னா என் கடை போகணுமா, அதை மட்டும் சொல்லுங்க," என்றார்.

பிறகு மாப்பிள்ளையை எழுப்பினார்கள். சட்டை இஸ்திரி கலையாமல்தான் இருந்தது. முகம்தான் ஒரே நாளில் பத்து வயது கூடினது போல இருந்தது. அவனை இப்படிப் பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறாள். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"அது உங்க மாமியார் வீடுதானா?" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"திட்டம் போடறப்ப உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும் சார். கல்யாணம் ஆன புதுசு."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். சொல்லியிருக்கணும்."

"சரி. இந்த வளைவை நீங்கதானே போட்டீங்க?"

அவன் பார்வை ஒரு தடவை அவள் பக்கம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பிறகு சொன்னான். "வரைபடத்துல என் கையெழுத்து இருக்கு சார். பொறுப்பு என்னோடதுதான்."

அங்கேதான் அவளுக்குப் பொங்கியது. அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவன் நினைத்திருக்கலாம். சங்கடத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. முத்திரை போகப்போகிறது, நாற்காலி போகப்போகிறது, கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, அப்போதும் இந்தப் பாவி என் வளைவை விட மாட்டேன் என்கிறானே என்பது ஒன்றுதான் அவள் தலைக்குள் ஓடியது.

"அது என்னோட கோடு," என்றாள்.

நான்கு பக்கமும் தலைகள் திரும்பின. சொன்னவளுக்கே யாரோ பக்கத்திலிருந்து சொன்னது போல இருந்தது.

"அவரு போடலை. நான் போட்டேன். அது என்னோடது."

தலைவர் பேனாவை வைத்தார். "என்னம்மா சொல்றீங்க? இது அவரோட வளைவுன்னு நாங்களே விருது குடுத்திருக்கோம்."

"தெரியும் சார். நானும் உக்காந்து கை தட்டினேன்."

"ஆதாரம் ஏதாவது இருக்கா?"

ஆதாரம். இத்தனை வருஷம் கழித்து வாயைத் திறந்தால் கிடைத்த முதல் கேள்வி அது. அவள் கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். எழுந்துபோய் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் வைத்தாள்.

"வளைவு எங்க ஆரம்பிக்குது பாருங்க. பள்ளிக்கூடத்துக்கிட்ட இல்ல, அதுக்கு முன்னாடி, இந்த டிரான்ஸ்பார்மர்கிட்டயே ஆரம்பிக்குது. மாமியார் வீட்டைக் காப்பாத்தணும்னா இவ்வளவு முன்னாடியே வளைக்கத் தேவையே இல்ல, மைதானம் தாண்டி வளைச்சாப் போதும். வண்டி ஓட்டறவன் கேட்டை முன்கூட்டியே பாக்கணும், வேகத்தைக் குறைக்கணும். கேட்டுக்கு நேரா வந்து வளைஞ்சா, பிள்ளைங்க ஓடி வர்றது அவன் கண்ணுக்கே தெரியாது. இன்டர்வல் விட்டப்ப நான் அங்க நின்னு பாத்துட்டு வந்து போட்டேன். கேட்டுல ஒரு சின்னப் பொண்ணு ஒத்தச் செருப்போட ஓடிவந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் வளைச்சேன்."

அந்த இளம் பெண் எழுந்துவந்து டிரான்ஸ்பார்மர் குறியைக் குனிந்து பார்த்தாள். அதோடு ஸ்கேல் அக்கா போய் உட்கார்ந்திருக்கலாம். தன் கோடு தன்னுடையது என்று சொல்லியாயிற்று, ஆசை தீர்ந்தது. ஆனால் பேராசிரியர் இன்னொரு கேள்வி வைத்திருந்தார்.

"அந்தச் சமயத்துல இவரு என்ன சொன்னாரு? உங்களை வளைக்கச் சொல்லித் தூண்டினாரா?"

ஞாபகம் இல்லை என்று சொன்னால் போதும். எத்தனையோ வருஷமாயிற்று, யார் குறை சொல்ல முடியும்? அவன் தூண்டினானோ என்னவோ என்று அவர்களே முடிவு கட்டிக்கொள்வார்கள். வளைவும் அவளுக்கு, அவனுடைய முத்திரையும் காலி. அவள் அச்சக்காரரைப் பார்த்தாள், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அந்தப் பழைய சண்டை முழுசாகப் புரிந்தது. அவன் நேர்க்கோட்டுக்காக மேஜையைத் தட்டிச் சண்டை போட்டான். அந்த நேர்க்கோடு போயிருந்தால் சொந்த மாமியார் வீட்டு முன்பக்கம் போயிருக்கும், அது தெரிந்தே போட்டிருக்கிறான். கல்யாணமான புதிதில். இதிலும் இவன் நல்லவனாகிவிட்டானே என்று அவளுக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு வந்தது.

"இல்ல," என்றாள். ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்குவது போல வந்தது. "அவரு நேராப் போகணும்னுதான் சண்டை போட்டாரு. கடைசி வரைக்கும் ஒத்துக்கலை. நான்தான் விடலை."

தலைவர் பேனாவை எடுத்து மூடி போட்டார். பிறகு மெதுவாக, "அம்மா, நீங்க போட்ட கோட்டைப் பத்தி விசாரிக்கிற இடத்துல நீங்களே உக்காந்திருக்கீங்க. சொந்த நலன் இருக்கான்னு கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்க," என்றார்.

"தப்புதான் சார்."

"வெளியே இருங்க."

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் அச்சக்காரரும் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப என் கடை போறது போறதுதானா?" என்றார் அவர்.

"போகும்ங்க."

"அந்த ஆளைத்தான் இவ்வளவு நாளாத் திட்டிட்டு இருந்தேன். இனி யாரைத் திட்டறது?"

"என்னைத்தான் திட்டணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா வளைக்கிறதுக்கு? நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று ஆரம்பித்து, நன்றாகவே திட்டினார். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டாள். அந்த வளைவுக்காக ஒருவர் அவளிடம் வந்து பேசியது அதுவே முதல் தடவை. கேட்கக் கேட்க மனதுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

திறந்திருந்த கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"ஆமா சார், அக்கா போட்டதுதான். டிரான்ஸ்பார்மர்கிட்ட ஏன் வளையுதுன்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். எத்தனையோ மேடையில பேசியிருக்கேன், யாராவது அதைக் கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். அவங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் சிரிச்சுட்டு நின்னேன். அப்புறம் திருத்தத் தைரியம் வரலை. இன்னிக்கும் வரலை, அவங்கதான் சொன்னாங்க."

முடிவைக் கேட்க மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். புகார் தள்ளுபடி. மாமியார் வீட்டை முதலிலேயே சொல்லாததற்கும், மற்றவர் வேலையைத் தன்னுடையதாக நினைக்க விட்டதற்கும் மாப்பிள்ளைக்கு அறிவுரை. சொந்த நலனை மறைத்துக் குழுவில் உட்கார்ந்ததற்கு ஸ்கேல் அக்காவுக்கு எச்சரிக்கை, குழுவிலிருந்தும் நீக்கம். அவள் தலையாட்டினாள். விதி விதிதான், அந்த ஒரு அடி ஒரு அடிதான்.

எல்லோரும் எழுந்தபோது தலைவர் மாப்பிள்ளையிடம் போனார். தோளில் கை வைத்தார். "தன் தப்பை இப்படி வாய்விட்டு ஒத்துக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? பெரிய மனசுய்யா உனக்கு," என்றார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அதை மட்டும் அவள் கவனித்தாள். வாசலில் அவளுக்காகக் காத்து நின்று, "அக்கா," என்றான்.

"என்ன தம்பி."

"ஒண்ணுமில்ல. நீ, தம்பின்னு கூப்பிட்டீங்களே, அதுவே போதும்."

'நீ' என்று அவள் சொல்லவே இல்லை, தம்பி என்றுதான் சொன்னாள். அதைத் திருத்தலாமா என்று யோசித்தாள், வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டாள்.

புருஷன் கடையை மூடிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். எச்சரிக்கை என்றதும் முகம் வாடினார், திட்டு என்றதும் சிரித்தார்.

"சரி விடு. வளைவு உன்னோடதுன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தானே இத்தனை வருஷம் புலம்பினே. சந்தோஷம்தானே?"

அவள் கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஸ்கேலை எடுத்து, எதற்கென்று இல்லாமல் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பில் வைத்து அளந்தாள்.

"சந்தோஷம்தான். ஆனா நான் சொன்னப்ப ஆதாரம் கேட்டாங்க. அவன் சொன்னப்ப நம்பிட்டாங்க."